காட்டுப் பன்றியைச் சுட ஆணை தயார். துப்பாக்கியின் குறி தயாரா?

புது தில்லி: காட்டுப் பன்றியைச் சுடும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி தில்லிக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே கோப்புகளாகவும், நாடாளுமன்ற வினாக்களாகவும் பல ஆண்டுகளாக அலைந்து வந்திருக்கிறது. அதற்கு ஓரளவு விடையும் கிடைத்துவிட்டது. ஆனால், அந்த அதிகாரத்தைப் பெற்றவரின் கையில் உள்ள துப்பாக்கி, குறி பார்த்த இடத்தில்தான் சுடுகிறதா என்ற கேள்வி அவ்வளவாக யார் காதிலும் விழுவதில்லை. கேரள எல்லையில் பாறசாலையை ஒட்டிய கிராமங்களில், இந்த இரண்டாவது கேள்விதான் உயிரோடும் உடைமையோடும் தொடர்புடையது.

களியக்காவிளையைக் கடந்தவுடன் வரும் முதல் பெரிய ஊர் பாறசாலை. 1956 நவம்பர் 1-ல் மொழிவழி மாநிலங்கள் அமைக்கப்பட்டபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றுவிட்டது. எல்லைக் கோட்டுக்கு இரு பக்கமும் ஒரே மண், ஒரே பயிர்: மரச்சீனி, வாழை, சேனை, தென்னை, ரப்பர். பேச்சிலும் தமிழும் மலையாளமும் பின்னிக் கிடக்கின்றன.

பாறசாலை சட்டப்பேரவைத் தொகுதி ரயில் பாதையை ஒட்டிய சமவெளியில் தொடங்கி, கொல்லையில், குன்னத்துகால், வெள்ளறடை வழியாக அம்பூரி வரை, அதாவது நெய்யாறு வன உயிரினச் சரணாலயத்தின் வாசல் வரை நீள்கிறது. காட்டுப் பன்றி இந்தப் பாதையில்தான் இறங்கி வருகிறது. மரச்சீனித் தோட்டத்தில் ஒரு கூட்டம் ஓர் இரவு புகுந்தால், பத்து மாத உழைப்பு விடிவதற்குள் மண்ணோடு புரட்டப்பட்டுவிடும். வேலி போட்டவர், தகரம் தட்டியவர், பழைய சேலைகளைக் கட்டித் தொங்கவிட்டவர் என எல்லாரும் கடைசியில் வந்து நிற்பது துப்பாக்கியிடம்தான்.

மூன்று பட்டியல், ஒரு பன்றி: அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் புரட்டினால் இந்தச் சிக்கலின் வேர் தெரியும். பயிரைத் தீங்குயிர்களிடமிருந்து காப்பது மாநிலப் பட்டியலில் இருக்கிறது. வன உயிரினங்களைக் காப்பது, 1976-ல் நிறைவேறிய 42-வது திருத்தத்துக்குப் பிறகு பொதுப் பட்டியலில் இருக்கிறது. துப்பாக்கியும் தோட்டாவும் மத்தியப் பட்டியலில் இருக்கின்றன. பயிரை அழிப்பதும், பாதுகாக்கப்படுவதும், சுடப்படுவதும் ஒரே பன்றிதான் என்றாலும், அதன் மீது மூன்று அதிகாரங்கள் அமர்ந்திருக்கின்றன.

1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 62-வது பிரிவின்படி, ஒரு விலங்கைக் குறிப்பிட்ட பகுதியில், குறிப்பிட்ட காலத்துக்குத் தீங்குயிராக அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கே உண்டு. உத்தரகண்டில் காட்டுப் பன்றிக்கும், பிகாரில் நீலான் எனப்படும் காட்டு மானுக்கும் பன்றிக்கும், இமாசலப் பிரதேசத்தில் குரங்குக்கும் 2015, 2016-ம் ஆண்டுகளில் இத்தகைய அறிவிக்கைகள் வெளியாயின. அதே சலுகையைக் கேரளமும் கேட்டது. 2021 நவம்பரில் கேரள வனத் துறை அமைச்சர் ஏ.கே. சசீந்திரன் தில்லி வந்து மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் பூபேந்தர் யாதவை நேரில் சந்தித்தும் பயன் ஏற்படவில்லை. கட்டுப்பாடின்றிச் சுட அனுமதித்தால் நன்மையை விடத் தீமையே அதிகம் என்பது மத்திய அரசின் நிலைப்பாடு.

அதற்கு முன்பே, 2021 ஜூலையில், மனு செய்த சில விவசாயிகள் தங்கள் நிலத்தில் புகும் பன்றிகளைச் சுட அனுமதிக்குமாறு கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. பயிர் உள்ளிட்ட உடைமைக்கு ஆபத்து விளைவிக்கும் விலங்கைக் கொல்ல அனுமதி அளிக்கும் 11-வது பிரிவே அதற்கு அடிப்படை. அந்தப் பிரிவையே பிடித்துக்கொண்டு கேரள அரசு 2022 மே மாதம் ஓர் ஆணை பிறப்பித்தது. ஊராட்சித் தலைவர்களும் நகராட்சித் தலைவர்களும் மேயர்களும் கௌரவ வன உயிரினக் காப்பாளர்களாக நியமிக்கப்பட்டனர். உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவரைக் கொண்டு பன்றியைச் சுட அவர்கள் உத்தரவிடலாம். விஷம், வெடி, மின்சாரம் ஆகியவற்றுக்கு இடமில்லை. பின்னர் இந்த ஏற்பாடு நீட்டிக்கப்பட்டது.

அதோடு நிற்காமல், தீங்குயிர் அறிவிப்பு அதிகாரத்தை மாநிலமே எடுத்துக்கொள்ளும் வகையிலான திருத்த மசோதாவைக் கேரள சட்டப்பேரவை 2025 அக்டோபரில் நிறைவேற்றியது. பொதுப் பட்டியலில் உள்ள விஷயத்தில் மத்தியச் சட்டத்துடன் முரண்படும் மாநிலச் சட்டம் செல்லுபடியாகக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவை என்பது குறிப்பிடத்தக்கது.

எல்லைக்கு இந்தப் பக்கம் கதை வேறு. தமிழக அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட ஏற்பாட்டின்படி, காப்புக் காட்டிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுடவோ பிடிக்கவோ கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3 கி.மீ.-க்கு அப்பால் சுடலாம். ஆனால், சுடுவது உரிமம் பெற்ற விவசாயி அல்ல. பயிற்சி பெற்ற அரசுப் பணியாளர். பனச்சமூடு சந்தையில் ஒரே கடையில் தேநீர் குடிக்கும் இரு விவசாயிகளில் ஒருவர் ஊராட்சித் தலைவரைத் தேடிப் போகிறார். மற்றவர் வனத் துறைக்கு மனு எழுதுகிறார். கேரளத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் உரிமத்தை வைத்திருப்பவர், துரத்திய பன்றி எல்லையைத் தாண்டினால் துப்பாக்கியோடு அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான். பன்றிக்கு உரிமப் பரப்பு கிடையாது.

எதைக் கொண்டு சுடுகிறார்கள்?: கிராமத்து உரிமதாரர்களிடம் பரவலாக இருப்பது 12 துளை இரட்டைக் குழல் துப்பாக்கி. குழலின் உட்புறம் வழவழப்பானது. ஒரே தோட்டாவிலிருந்து பல ஈயக் குண்டுகள் விரிந்து பாயும். முப்பது, நாற்பது மீட்டருக்குள் அது பயன்படும். அதைத் தாண்டினால் குண்டுகள் சிதறிவிடும். பன்றி சாகாது, காயத்தோடு ஓடும். காயமுற்ற பன்றி மறுநாள் காலை ரப்பர் பால் வெட்டப் போகும் தொழிலாளியின் எதிரே வந்து நிற்கும் ஆபத்தை இந்தப் பகுதியில் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த படி, ரைபிள். இச்சாபூர் ரைபிள் தொழிற்சாலையின் .315 துளை ரைபிள் நாட்டில் தனியார் கையில் பரவலாக உள்ள ஒன்று. பிரிட்டிஷ் காலத்து லீ என்ஃபீல்டு ரைபிளின் அமைப்பைத் தழுவிய அது, ராணுவத்தின் .303 தோட்டா தனியாருக்குத் தடை செய்யப்பட்டிருந்ததால் வேறு தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது. குழலின் உள்ளே சுழல் வரிகள் உண்டு. ஒற்றைக் குண்டு, ஆனால் கனமானது, குறி தவறினால் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் போகக்கூடியது. அம்பூரி மலைச்சரிவுக்கு அது பொருந்தலாம். வீட்டுக்கு வீடு மதில் ஒட்டியிருக்கும் பாறசாலைப் பக்கத்தில், பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் அதைச் சுடுவதே தவறு.

அந்தி மங்கிய நேரத்தில், திறந்த இரும்புக் குறியை வைத்துக் கறுத்த பன்றியைக் கறுத்த புதரிலிருந்து பிரித்தறிவது கடினம். அதனால் ஸ்கோப் எனப்படும் குறித்தொலைநோக்கியைப் பொருத்த விரும்புவோர் உண்டு. இங்குதான் மவுண்ட் எனப்படும் தாங்கி வருகிறது. ஸ்கோப்புக்குப் பெரும் பணத்தைச் செலவிட்டுவிட்டு, தாங்கிக்குச் சில நூறு ரூபாயோடு கையை இழுத்துக்கொள்வது இந்த விஷயத்தில் அடிக்கடி நேரும் தவறு.

ஒரு மயிரிழைக் கணக்கு: தாங்கியின் வேலை எளிது. ஸ்கோப்பையும் குழலையும் ஒரே இரும்புத் துண்டு போல அசையாமல் பிணைத்து வைக்க வேண்டும். 13 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு தாங்கியின் ஒரு முனை வெறும் 0.1 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு மயிரிழை, நகர்ந்தால், 50 மீட்டரில் குறி ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் விலகும்; 100 மீட்டரில் 8 சென்டிமீட்டர். பன்றியின் நெஞ்சில் உயிர்நிலை இருக்கும் பகுதி ஒரு சாண் அளவுக்குக்கூட வராது. சுடுபவரின் கை நடுக்கத்துக்கும், பன்றியின் அசைவுக்கும் போக, தாங்கிக்கு விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

தாங்கியைத் தேர்வு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது விலையல்ல, துப்பாக்கியின் மேற்பரப்பு. ஏர்கன்னிலும் .22 ரைபிளிலும் குழலுக்குப் பின்னால் 11 மில்லிமீட்டர் அகலத்தில் புறாவால் வடிவப் பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். அதற்கான பிடிகளைப் பெரிய ரைபிளில் மாட்டினால், நாலு தோட்டா சுடுவதற்குள் பின்னதிர்ச்சியில் பின்னோக்கி வழுக்கி வந்துவிடும். பெரிய ரைபிளுக்குக் குறுக்கே பள்ளங்கள் உள்ள தண்டவாளம் தேவை. அதில் வீவர், பிக்காட்டினி என இரு வகை உண்டு. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். பள்ளத்தின் அகலம் மட்டும் வேறு. அமெரிக்க ராணுவம் 1995-ல் தரப்படுத்திய பிக்காட்டினியில் பள்ளம் 5.23 மில்லிமீட்டர். வீவரில் அதைவிடக் குறுகல். வீவர் வளையம் பிக்காட்டினித் தண்டவாளத்தில் பெரும்பாலும் அமரும். பிக்காட்டினி வளையத்தின் குறுக்குக் கம்பி வீவர் பள்ளத்தில் இறங்காது. கடைக்காரர் "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்று சொல்வதை நம்பிப் பணம் கொடுப்பதற்கு முன் அளந்து பார்ப்பது நல்லது.

வளையத்தின் விட்டம் ஸ்கோப் குழாயின் விட்டத்தோடு ஒத்திருக்க வேண்டும். ஓர் அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர், ஒரு வகை; 30 மில்லிமீட்டர் மற்றொன்று. இடைவெளிக்குக் காகிதத்தைச் சுற்றி மாட்டுவது கைவண்டிக்கு ஆகலாம், ரைபிளுக்கு ஆகாது. உயரமும் முக்கியம். முன்கண்ணாடி குழலைத் தொடாமலும், போல்ட்டின் கைப்பிடி தூக்கும்போது ஸ்கோப்பில் இடிக்காமலும் இருக்கும் வரை எவ்வளவு தாழ்வாக வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. உயரமாக வைத்தால் கன்னம் கட்டையில் பதியாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஸ்கோப் குழலுக்கு மேலே 4, 5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. மதிலுக்கு மேலாகவோ, சாய்ந்த ரப்பர் மரத்துக்கு மேலாகவோ குறி பார்க்கும்போது ஸ்கோப்புக்குப் பாதை தெளிவாக இருக்கும். குழலின் வாய் மதிலுக்குள் நின்றுகொண்டிருக்கும். குண்டு கல்லில் பட்டு எந்தத் திசையில் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

.315 ரைபிளில் சிக்கல் சற்று அதிகம். திறந்த குறியோடு சுடுவதற்காக வடிவமைக்கப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தது அது. மேலே தண்டவாளம் அமைக்க வேண்டுமானால் கடினப்படுத்தப்பட்ட எஃகில் துளையிட்டு மரை வெட்ட வேண்டும். அல்லது பக்கவாட்டில் ஒரு தாங்கியை அமைக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் லீ என்ஃபீல்டு ரைபிளைத் தொலைதூரக் குறிக்கு மாற்றியபோது இரண்டாவது வழியைத்தான் தேர்ந்தெடுத்தது. லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் ஆயிரக்கணக்கான ரைபிள்களின் இடப்பக்கத்தில் பட்டைகளைப் பொருத்தி, இரண்டு பெரிய திருகாணிகளில் தாங்கியை நிறுத்தியது. எந்தத் தாங்கி எந்த ரைபிளுக்கு என்று எண் பொறிக்கப்பட்டது. ஸ்கோப்பின் எண் ரைபிளின் கட்டையில் பொறிக்கப்பட்டது. ஒன்றின் ஸ்கோப்பை மற்றொன்றில் மாட்டக் கூடாது என்ற கண்டிப்பு அது.

எஃகில் துளையிடும் வேலையை அக்கம்பக்கத்து லேத் பட்டறையில் கொடுக்க முடியாது. ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவின்படி துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கும் மாற்றி அமைப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். அந்த உரிமம் பெற்ற கைவினைஞர்கள் குறைந்து வருகிறார்கள். தோட்டாவின் சத்தத்தையோ தீப்பிழம்பையோ குறைக்கும் கருவியை அதே சட்டம் துப்பாக்கியாகவே கருதுகிறது. ஸ்கோப்போடு சேர்த்து அதையும் மாட்டித் தருவதாக யாராவது சொன்னால் அது சிறைக்கு வழி.

கொத்தனாரின் தூக்குக்குண்டு: தாங்கியை மாட்டும் வேலையில் அவசரத்துக்கு இடமில்லை. தோட்டா இல்லை என்று இருமுறை உறுதி செய்து, போல்ட்டைக் கழற்றித் தனியே வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். தொழிற்சாலையில் பூசிய எண்ணெயைத் திருகாணித் துளைகளிலிருந்து துடைத்தெடுக்க வேண்டும். எண்ணெய் இருந்தால் திருகாணி இறுகியது போலக் காட்டிப் பின்னர் தளரும். அடித்தட்டை இறுக்கிய பிறகு கீழ் வளையங்களில் ஸ்கோப்பைப் படுக்க வைத்து, மேல் வளையங்களைத் தளர்வாக மூடி, ரைபிளைத் தோளில் வைத்துக் கண்ணை மூடித் திறக்க வேண்டும். முழு வட்டமும் நிழலில்லாமல் தெரியும் இடம்தான் சரியான இடம். கண்ணுக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே பொதுவாக 8 முதல் 10 சென்டிமீட்டர் வேண்டும். இதைக் குறைத்து மாட்டியவர்களின் புருவத்தில் பிறைச் சந்திரன் போன்ற தழும்பு இருக்கும்.

பிறகு குறுக்குக் கோடு நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு வெளிநாட்டுக் கருவி எதுவும் வேண்டாம். கொத்தனாரின் தூக்குக்குண்டைச் சற்றுத் தொலைவில் தொங்கவிட்டு, ரைபிளைச் சமமட்டமாக வைத்து, நூலோடு செங்குத்துக் கோடு ஒன்றிப் போகும் வரை ஸ்கோப்பைத் திருப்பினால் போதும். வளையத் திருகாணிகளை ஒரு பக்கமாக முடுக்காமல் மாற்றி மாற்றி, இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்கும்படி இறுக்க வேண்டும். முறுக்கு விசை சுமார் 2 நியூட்டன் மீட்டர். முழங்கை பலத்தைக் காட்டினால் அலுமினியக் குழாய் நசுங்கி, உள்ளே உள்ள வில்லைகள் அசையாமல் பிடித்துக்கொள்ளும். இறுக்கிய திருகாணியின் தலையிலிருந்து வளையம் வரை நகச்சாயத்தால் ஒரு கோடு இழுத்துவிட்டால், பின்னாளில் தளர்ந்திருக்கிறதா என்பது ஒரே பார்வையில் தெரியும். ஆண்டுக்கு இரு பருவமழை பெறும் இந்த மண்ணில் துருவும் அப்படியே கண்ணில் படும்.

தில்லியிலும் இதே கதை: துப்பாக்கி முன்னே, குறிக்கருவி பின்னே என்பது கிராமத்து விவசாயிக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 72,400 சிக் 716 ரைபிள்களுக்கு ராணுவம் ஒப்பந்தம் செய்தது 2019 பிப்ரவரியில். அந்த ரைபிள்களுக்கான இரவு நேரக் குறிக்கருவிகளுக்குச் சுமார் 659 கோடி ரூபாய் ஒப்பந்தத்தைப் பாதுகாப்பு அமைச்சகம் கையெழுத்திட்டது 2025 அக்டோபரில். அந்த ரைபிள்களிலாவது தாங்கியைப் பொருத்தத் தண்டவாளம் ஆலையிலேயே அமைந்திருந்தது. விவசாயியின் .315-ல் அதுவும் இல்லை.

ஆயுதச் சட்டத் திருத்த மசோதா 2019 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது, ஒருவர் எத்தனை துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதே விவாதத்தின் மையமாக இருந்தது. மூன்றை ஒன்றாகக் குறைக்க முன்வந்த அரசு, எதிர்ப்புக்குப் பிறகு இரண்டாக்கியது. 2022-ல் வன உயிரினச் சட்டம் திருத்தப்பட்டபோது ஆறு அட்டவணைகள் நான்காயின. காட்டுப் பன்றி இரண்டாவது அட்டவணைக்கு நகர்ந்தது. யார், எதை, எங்கே என்பதற்கெல்லாம் சட்டத்தில் விடை இருக்கிறது. பன்றியைச் சுடப் போகும் துப்பாக்கி எத்தனை மீட்டரில் எவ்வளவு வட்டத்துக்குள் சுட வேண்டும் என்பதற்கு இரண்டு சட்டங்களிலும் ஒரு வரி கிடையாது.

ஃபின்லாந்தில் மான் போன்ற பெரிய விலங்குகளை ரைபிளால் வேட்டையாட விரும்புவோர், 75 மீட்டரில் 23 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் நான்கு குண்டுகளைப் பாய்ச்சிக் காட்ட வேண்டும். ஒன்று வெளியே போனாலும் அந்த முயற்சியில் தேர்ச்சி இல்லை. இங்கே அதை அப்படியே கொண்டுவர வேண்டும் என்பதல்ல. ஆனால், ஊராட்சித் தலைவர் கையெழுத்திடும் ஆணையின் பேரில் இரவில், குடியிருப்புகளுக்கு நடுவே சுடப்போகும் ஒருவரின் துப்பாக்கியை ஆண்டுக்கு ஒருமுறையாவது பகலில், ஒரு காகித இலக்கின் மீது சுட்டுப் பார்ப்பது அதிகப்படியான கோரிக்கை ஆகாது.

அதற்கு இடமும் தொலைவில் இல்லை. 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகத் திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் கட்டப்பட்ட துப்பாக்கி சுடும் அரங்கம் பாறசாலையிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். அங்கே அல்லது வேறோர் அங்கீகரிக்கப்பட்ட தளத்தில் குறி சரிபார்க்க வனத் துறையும் காவல் துறையும் சேர்ந்து நாள் ஒதுக்கலாம். இல்லாவிட்டால், வாங்கிய ஸ்கோப்பை மாட்டியவர் அதன் குறியை எங்கே சரிபார்ப்பார்? தோட்டத்தில் சுட்டுப் பார்ப்பது ஆபத்து. பன்றியின் மீதே சுட்டுப் பார்ப்பது அதைவிட ஆபத்து. சரிபார்க்கச் செலவாகும் ஒவ்வொரு தோட்டாவும் உரிமத்தில் குறிக்கப்பட்ட அளவிலிருந்தே கழிகிறது என்பதும் பலரைத் தயங்க வைக்கிறது.

சட்டப்படியான வழி நம்பகமாக இல்லாதபோது மக்கள் எங்கே போகிறார்கள் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் வெடி வைத்த பழத்தைக் கடித்துக் கருவுற்ற யானை இறந்தது நாட்டையே உலுக்கியது. பயிர் மேயும் விலங்குகளுக்காக வைக்கப்படும் வெடி அது. 2025 ஜூனில் மலப்புரம் மாவட்டம் வழிக்கடவில், பன்றிக்காகச் சட்டவிரோதமாக இழுக்கப்பட்ட மின்கம்பியில் சிக்கிப் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் பலியானார்.

இவற்றுக்கு இடையே தேர்தலும் குறுக்கிடுகிறது. தேர்தல் அறிவிக்கப்பட்டவுடன் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் என்ற உறுதி இல்லை. கிழங்கு முற்றி நிற்கும் பருவத்தில் வாக்குப்பதிவு வந்தால், அந்த வாரங்கள் முழுதும் தோட்டம் பன்றிக்கு. வாக்கு எண்ணிக்கை முடிந்து, காவல் நிலைய அறையின் மூலையில் மற்ற துப்பாக்கிகளோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்த ரைபிளைத் திரும்ப வாங்கி வருபவர், நகச்சாயக் கோடு நகராமல் இருக்கிறதா என்று பார்ப்பதிலிருந்து எல்லாவற்றையும் மீண்டும் தொடங்க வேண்டும்.